கத்தரித்த விளிம்பு: ஒட்டுச்சித்திரக் கலை குறித்த ஒரு நோக்கு

நிழற்படமொன்றிலிருந்து ஓர் உருவத்தை வெட்டியெடுத்துப் பிறிதொரு தளத்தில் இருத்தி அமைக்கும் சித்திரத்தை ஒட்டுச்சித்திரம் என வழங்குவர். முன்னர்க் கத்தரிக்கோலும் பசையும் கொண்டு இயற்றப்பட்ட இத்தொழில் இன்று பெரும்பாலும் கணினித்திரையில் நிகழ்கின்றது. கருவி மாறவே பழைய வினாவொன்று புதிய வலிவுடன் எழுந்துள்ளது. உருவத்தை அதன் மயிரிழை வரை நுணுகிப் பிரித்தெடுக்கும் ஆற்றல் எவர்க்கும் கைவந்துவிட்ட இக்காலத்தில், வேண்டுமென்றே அதனைப் பருவெட்டாக வெட்டி, விளிம்பிலே பழைய பின்னணியின் துணுக்குகளும் ஒட்டிக்கிடக்க, அவ்வாறே விட்டுவிடும் ஓவியர் பலர் உளர். இது திறமைக் குறைவோ, சோம்பலோ, அன்றிக் கலைநெறியோ என்பது ஆராயற்பாலது.

நிழற்படத்தை ஒட்டிச் சேர்க்கும் வழக்கம் நிழற்படக்கலையோடு உடன்பிறந்தது எனினும் மிகையன்று. 1857ஆம் ஆண்டில் ஒஸ்கார் றெயிலாண்டர் முப்பதுக்கு மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து 'வாழ்வின் இரு வழிகள்' என்னும் பெரும் படத்தை ஆக்கினார். மறு ஆண்டிலே ஹென்றி பீச் றொபின்சன் ஐந்து நெகட்டிவ்களைக் கொண்டு, சாகுந் தறுவாயிலுள்ள ஓர் இளம்பெண்ணையும் அவளைச் சூழ்ந்திருப்போரையும் காட்டும் படத்தை அமைத்தார். இவ்விருவரும் முயன்றது இணைப்பை மறைப்பதற்கே. விளிம்பு தெரியுமாயின் அது தோல்வி என்பதே அவர்தம் கொள்கை. ஓவியத்தோடு ஒப்ப எண்ணப்பட வேண்டுமென்ற ஏக்கம் அக்காலப் படப்பிடிப்பாளரிடம் இருந்தமையால் அக்கொள்கை எழுந்தது போலும்.

விளிம்பை மறையாது காட்டுதலே ஒரு கலைநெறியாக எழுந்தது முதலாம் உலகப்போரின் இறுதிக்காலத்துப் பேர்லினில் ஆகும். ஹன்னா ஹோக்கும் ராவுல் ஹவுஸ்மனும் 1918இல் பால்ட்டிக் கடற்கரையில் தங்கியிருந்தபோது, அங்குள்ள வீடுகளிலே போர்வீரர் நினைவுப்படங்களைக் கண்டனர். முன்னரே அச்சிடப்பட்ட வீரனின் உடலிலே, அவ்வவ் வீட்டு மைந்தனின் முகத்தை நிழற்படத்திலிருந்து வெட்டி ஒட்டியிருந்தனர். உடல் எல்லோர்க்கும் ஒன்று. முகம் மாத்திரம் வேறு. படைக்குச் சென்ற மகனைப் பெருமையோடு சுவரில் மாட்டிய எளிய மக்களின் அன்புச் செயல் அது. எனினும், மனிதரைப் போர் யாது செய்கின்றது என்பதை அக்கழுத்தருகே தெரிந்த வெட்டுக்கோடு, ஒட்டியவர் அறியாமலே உரைத்துவிட்டது. இக்கலையின் தோற்றம் தமக்கே உரியது என்று ஜோர்ஜ் குறோஸும் ஜோன் ஹாட்ஃபீல்டும் பின்னர் உரிமை கொண்டாடினர். அவ்வழக்கு இங்கு வேண்டற்பாலதன்று.

1919க்கும் 1920க்கும் இடையில் ஹோக் இயற்றிய பெருஞ்சித்திரம் 114 சதமமீற்றர் உயரமும் 90 சதமமீற்றர் அகலமும் உடையது. ஜேர்மனியின் இறுதியான வைமார் பீர்த்தொந்திப் பண்பாட்டு யுகத்தினூடாக அடுக்களைக் கத்தியால் டாடா வெட்டிய வெட்டு என்பது அதன் நெடும்பெயரின் பொருள். 1920ஆம் ஆண்டு பேர்லினில் நிகழ்ந்த முதலாவது அனைத்துலக டாடாக் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. பெயரிலே கத்தியை வைத்ததோடு அமையாது, அதனை அடுக்களைக் கத்தியாக வைத்தமை நோக்கற்பாலது. ஆண்மக்களே மிகுந்திருந்த அக்குழுவினுள் ஒரு பெண் எடுத்த கருவி அது.

சித்திரத்தினுள்ளே அரசர், படைத்தலைவர், அரசியலாளர், அறிவியலாளர், ஆடன்மகளிர் எனப் பலரும் இயந்திர உருளைகளோடு சிதறிக் கிடக்கின்றனர். கெய்சர் இரண்டாம் வில்லியத்தின் மீசை இருந்த இடத்தில் தலைகீழான இரு மல்லர் உளர். படத்தின் நடுவே, தலையற்ற ஆடன்மகளின் உடலுக்கு மேல், ஓவியர் கேத்த கொல்விற்ஸின் தலை அந்தரத்தில் நிற்கின்றது. அத்தலையை உடலோடு பொருத்த ஹோக் முயலவில்லை. இடைவெளி அவ்வாறே விடப்பட்டுள்ளது. பொருத்தியிருப்பின் அது ஒரு வேடிக்கைப் படமாய் முடிந்திருக்கும். பொருத்தாது விட்டமையாலேயே, துயருற்றோரை வரைந்த அம்முதுபெண்ணின் முகமும் மேடையில் துள்ளும் இளம் உடலும் ஒன்றையொன்று வினாவுவனவாய் அமைந்தன.

இதனைக் கைத்திறன் இன்மையென எவரேனும் கருதுவாராயின் அவர்க்கு விடை எளிது. 1916 முதல் 1926 வரை ஹோக் உல்ஸ்ரைன் பதிப்பகத்தின் கைவேலைப் பிரிவிலே தொழில் புரிந்தவர். பின்னல் வேலைக்கும் தையற்பூ வேலைக்கும் உரிய மாதிரிக் கோலங்களை வகுப்பதே அவர் பணி. நூலிழை பிசகாது அளந்து வெட்ட அறிந்த கை அது. அப்பதிப்பகம் வெளியிட்ட படச் சஞ்சிகைகளே அவர் வெட்டிய பொருள்களுமாயின. நேர்த்தியாக வெட்டிய துண்டுகள் அச்சித்திரத்திற் பல உண்டு. ஆயினும் இணைப்பு எங்கும் மறைக்கப்படவில்லை. இணைப்பைக் காட்டுவது அழகுக்குக் குறைவென்னும் எண்ணம் தமிழ் மரபுக்கும் உரியதன்று. பொருநராற்றுப்படை யாழைப் புனைந்துரைக்குமிடத்து, இரு விளிம்பும் கூட்டித் தைத்த தோற்போர்வையின் தையலை மறந்துவிடாது, இளஞ்சூல் கொண்ட பெண்ணின் வயிற்றில் ஒழுகும் மென்மயிர் வரிசைக்கு அதனை உவமித்து நிற்கின்றது.

அங்ஙனமாயின் விளிம்பை மறைத்தோர் யாவரும் பொய்யரோ எனின், அன்று. ஹாட்ஃபீல்ட் 1932இல் தொழிலாளர் படச் சஞ்சிகையொன்றில் வெளியிட்ட படம் இதற்குச் சான்று. மேடையில் முழங்கும் ஹிட்லரின் மார்பு ஊடுகதிர்ப் படமாகத் தெரிகின்றது. முதுகெலும்பு நாணய அடுக்கால் ஆயது. இணைப்பின் சுவடு கண்ணுக்குத் தோன்றாதவாறு மீளப் படம்பிடித்தும் தூரிகையால் திருத்தியும் அவர் தொழில் செய்தார். எனினும் அப்படத்தால் எவரும் ஏமாற்றப்படவில்லை. நாணயத்தால் ஆகிய முதுகெலும்பு உலகில் இல்லையாதலின், படத்தின் பொருளே அதன் வெட்டை அறிவித்துவிடுகின்றது. இதற்கு மறுதலையானது சோவியத் நாட்டில் நிகழ்ந்தது. மொஸ்கோக் கால்வாய்க் கரையில் ஸ்டாலினோடு நின்ற நிக்கொலாய் யெசோவ் 1940இல் கொல்லப்பட்ட பின்னர்ப் படத்திலிருந்தும் நீக்கப்பட்டார். அவர் நின்ற இடத்தில் வெறும் நீர் காட்டப்பட்டது. அக்காட்சியில் நம்பவொண்ணாதது எதுவுமில்லை. ஆகவே நிகழக்கூடிய காட்சியில் மறைக்கப்படும் விளிம்பே அஞ்சற்பாலது. ஹோக்கையும் ஹாட்ஃபீல்டையும் எதிரெதிர் நிறுத்தி ஒருவரை உயர்த்தும் திறனாய்வாளர் இவ்வேறுபாட்டைக் காணத் தவறிவிடுகின்றனர்.

இனிக் கணினிக்கு வருதல் தகும். 1970களின் பிற்பகுதியில் அல்வி ரே ஸ்மித், எட் கற்மல் என்போர் நியூயோர்க்கிலே படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தோடு ஒளிபுகுமளவு ஒன்றனையும் சேர்த்துப் பதியும் முறையைக் கண்டனர். 1984இல் தோமஸ் போட்டரும் ரொம் டஃபும் அதனை ஒரு கணித ஒழுங்காக வகுத்தனர். இதன் பயனாக விளிம்பிலுள்ள புள்ளி பாதி உருவமும் பாதி பின்னணியுமாய் இருத்தல் கூடிற்று. கத்தரிக்கோலுக்கு இது இயலாது. அதன்கண் ஒரு புள்ளி ஒன்றில் உள்ளே, அன்றேல் வெளியே. 1990இல் வெளிவந்த போட்டோஷொப் சுருக்குக்கயிற்றின் பெயர் பெற்ற லாசோக் கருவியைப் பலர் கையிலும் தந்தது. 2022ஆம் ஆண்டு முதல் ஐபோனில் உருவத்தின்மேல் விரலைச் சற்றே அழுத்த, அது பின்னணியை விட்டுத் தானே பிரிந்து வருகின்றது. வெட்டுபவர் எதனையும் உற்றுநோக்க வேண்டியதில்லை.

பருவெட்டின் பெறுமதி இவ்விடத்தேதான் விளங்கும். லாசோவால் சுற்றிவரும் கை, தோளின் வளைவையும் விரலிடுக்கையும் ஒருமுறையேனும் கண்ணால் தொட்டு வருகின்றது. எங்கே விரைந்தது, எங்கே தயங்கியது, எதனை விட்டுவிடத் துணிந்தது என்பவெல்லாம் விளிம்பிலே பதிவாகின்றன. அன்றியும், காகிதத் துண்டுக்குத் தடிப்பு உண்டு, பசைக்கு மேடுண்டு, சாய்வெளிச்சத்தில் அது சிறு நிழல் வீழ்த்தும். கணினிச் சித்திரத்திற்கு இவை யாதும் இல்லை. படைகள் ஒன்றாக்கப்பட்டுச் சேமிக்கப்பட்ட பின்னர், இவ்வுருவம் வேறிடத்திலிருந்து வந்தது என்பதற்கு எஞ்சும் சான்று அதன் வெளிக்கோடு ஒன்றே. தோளருகே ஒட்டிவந்த ஒரு கீற்று நீலவானமோ சுவர்த்துண்டோ, அவ்வுருவம் முன்னர் நின்ற இடத்தின் எச்சமாகும்.

ஆயினும் பருவெட்டெல்லாம் மெய்யென்று கொள்ளுதல் பேதைமை. கிழிந்த காகிதம்போன்ற வெண்விளிம்பையும் அதன்கீழ் ஒரு பொய்நிழலையும் ஒரே சொடுக்கில் சேர்த்துத்தரும் செயலிகள் இன்று மலிந்துள்ளன. அங்குக் கிழித்த கையும் இல்லை, கிழிந்த தாளும் இல்லை. எல்லா உருவத்திற்கும் ஒரே அகலத்தில் ஓடும் அவ்வெண்கோடு, றெயிலாண்டரின் மறைப்பிலும் பார்க்க நேர்மை குறைந்தது. அவர் தாம் மறைக்க உழைத்தார். இவர் உழையாத உழைப்பைக் காட்டுகின்றார்.

நேர்த்தியே வேண்டப்படும் இடமும் உண்டு. மார்த்தா றொஸ்லர் 1967 முதல் 1972 வரை இயற்றிய படத்தொடரிலே, அமெரிக்க வீட்டலங்காரச் சஞ்சிகைகளின் ஒளிமிக்க அறைகளினுள் வியற்நாம் போரின் உருவங்கள் வைக்கப்பட்டன. காயமுற்ற குழந்தையை ஏந்திய ஒருவர் அத்தகைய வீடொன்றின் படிக்கட்டில் ஏறிவருகின்றார். அவருடைய விளிம்பு கரடுமுரடாக இருந்திருப்பின், அவர் வேறோர் உலகத்தவர் எனக் கண்டு பார்ப்பவர் ஆறுதல் கொண்டிருப்பர். போரும் அவ்வீடும் ஒரே உலகில் உள்ளன என்பதே கூற்றாதலின், அளவும் நோக்குக்கோணமும் இசைய அவர் வெட்டினார். போரெதிர்ப்பாளரிடையே நிழற்பிரதிகளாகக் கைமாறிய அப்படங்களின் நெறியை, ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின்போது 2004இலும் 2008இலும் அவர் மீண்டும் கையாண்டார்.

வெட்டப்படுபவர் நிலையிலிருந்தும் இதனை எண்ணுதல் வேண்டும். ஹோக் 1920களின் நடுப்பகுதியிலிருந்து, ஓர் இனவியல் நூதனசாலையை முன்னிட்டு அமைத்த தொடரிலே, ஆபிரிக்க, ஆசிய, ஓசியானியச் சிற்பங்களின் படங்களை ஐரோப்பியப் பெண்டிரின் உடல்களோடு இணைத்தார். அச்சிற்பங்கள் முன்னரே ஒருமுறை தம் ஊர்களிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டுப் பீடத்தில் நிறுத்தப்பட்டவை. இரண்டாம் முறை வெட்டிய கை, முதல்முறை வெட்டியவரைப் பழிக்கின்றதா, அவரோடு சேர்ந்துகொள்கின்றதா என்பதில் திறனாய்வாளர் இன்றும் ஒன்றுபடவில்லை. அடுக்களைக் கத்திச் சித்திரத்திலே அவர் இதற்கு மாறாக ஒன்று செய்திருந்தார். அதன் கீழ் வலது மூலையில், பெண்கள் வாக்குரிமை பெற்ற ஐரோப்பிய நாடுகளைக் காட்டும் சிறு வரைபடமொன்று ஒட்டப்பட்டுள்ளது. அதன் ஓரத்தில், பிறரை வெட்டிய அதே கத்தரிப்பால் வெட்டப்பட்ட ஹோக்கின் சிறு முகமும் இருக்கின்றது.