கூட்ட வேண்டாம், காதில் வாங்குங்கள்

பிறந்த தேதியைக் கூட்டி, பெயரெழுத்துக்கு மதிப்புப் போட்டு, எல்லாவற்றையும் ஒற்றை இலக்கத்துக்குச் சுருக்கிப் பலன் பார்ப்பது நம் ஊர் எண் ஜோதிடம். சீனர்களின் அதிர்ஷ்ட எண்களை ரசிக்க அந்தக் கணக்கு உதவாது. அங்கே நடப்பது பெரும்பாலும் சிலேடை. ஓர் எண்ணை வாய்விட்டுச் சொல்லும்போது வேறு எந்தச் சொல் காதில் விழுகிறது என்பதுதான் விஷயம்.

மாண்டரின் மொழியில் எட்டு ‘பா’. செல்வம் பெருகுவது ‘ஃபா’. நான்குக்கும் சாவுக்கும் ஒலி ஒன்றே, குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் வேறு. ஒன்பதும் ‘நெடுங்காலம்’ என்ற சொல்லும் அந்த வித்தியாசம்கூட இல்லாமல் ஒன்றாகவே ஒலிக்கும். பெய்ஜிங் ஒலிம்பிக் 2008-ம் ஆண்டு எட்டாம் மாதம் எட்டாம் தேதி இரவு 8 மணிக்குத் தொடங்கியது எட்டின் இந்த ஒலியால்தான். சிச்சுவான் ஏர்லைன்ஸ் 2003-ல் எட்டு எட்டுகள் கொண்ட தொலைபேசி எண்ணை 23 லட்சம் யுவானுக்கு மேல் கொடுத்து ஏலத்தில் எடுத்ததும் இதே ஆசையில்தான்.

இது அரிச்சுவடி. உண்மையான ருசி ஹாங்காங்கில் இருக்கிறது. அங்கே பேசும் கான்டனீஸில் எட்டு ‘பாட்’, செழிப்பு ‘ஃபாட்’. இரண்டைச் சொன்னால் ‘எளிதில்’ என்றும், பத்தைச் சொன்னால் கிட்டத்தட்ட ‘நிச்சயம்’ என்றும் கேட்கும். இப்போது 28-ஐப் படியுங்கள்: எளிதில் செழிப்பு. 18: நிச்சயம் செழிப்பு. 28 என்ற கார் எண் பலகை 2016-ல் 1.81 கோடி ஹாங்காங் டாலருக்கு ஏலம் போனது. 18 அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே 1.65 கோடிக்கு. கடைசி இலக்கத்தை மட்டும் நான்காக மாற்றினால் 24 எளிதில் சாவு, 14 நிச்சயம் சாவு! பெய்ஜிங்காரர் காதில் இந்த நயம் பாதிகூட ஏறாது. அவர் மொழியில் இரண்டின் ஒலியே வேறு.

ஹாங்காங்கில் லிஃப்ட்டில் ஏறினால் பொத்தான்களை நிதானமாகப் படியுங்கள். பல கட்டடங்களில் 4, 14, 24 இருக்காது. வெள்ளைக்காரர்களின் பயத்தையும் மதித்து 13-ஐயும் விட்டிருப்பார்கள். கான்டூயிட் சாலையில் 46 மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சி மாடிக்கு 88 என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பயத்தைவிட விலைதான் இதில் அதிகம் வேலை செய்கிறது என்பது என் எண்ணம்.

நான்கு எப்போதும் சாவுதானா? இல்லை. 1314 என்பதை மாண்டரினில் சொன்னால் ‘ஆயுள் முழுக்க’ என்பதுபோல் ஒலிக்கும். 520 ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்பதற்குப் பக்கத்தில் வரும். அதனால் மே 20 அன்று சீனாவில் திருமணப் பதிவு அலுவலகங்களில் கூட்டம். வீசாட் செயலியில் 520 யுவான், 13.14 யுவான் என்று பணம் பறக்கும். அக்கம்பக்கத்து இலக்கங்களின் தயவில் நான்கு காதலர் பக்கம் சேர்ந்துகொள்கிறது. 250 மட்டும் யாருக்கும் வேண்டாம். அது முட்டாளைக் குறிக்கும் வசவு.

காதை விட்டுக் கண்ணால் ரசிக்க வேண்டிய எண் ஒன்பது. ஒற்றைப்படை இலக்கங்களில் பெரியது, ஆகவே பேரரசருக்கு உரியது. பெய்ஜிங் சொர்க்கக் கோயிலின் வட்ட மேடையில் நடுக்கல்லைச் சுற்றி 9 கற்கள், அடுத்த வளையத்தில் 18, அதற்கடுத்து 27 என்று ஒன்பதாம் வளையத்தில் 81 வரை எண்ணலாம். அரண்மனைக் கதவுகளிலும் வரிசைக்கு ஒன்பதாக ஒன்பது வரிசைக் குமிழ்கள். கிழக்கு வாசலில் மட்டும் எட்டே வரிசை. போகிறவர்கள் எண்ணிப் பார்க்காமல் வரக்கூடாது.

சிங்கப்பூரில் சீன நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிற தமிழருக்கு ஒரு வார்த்தை. சிவப்பு உறையில் இரட்டைப்படைத் தொகைதான் வைக்க வேண்டும். நல்லது ஜோடியாக வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. நம் மொய்க் கணக்கின் 51-ம் 101-ம் அங்கே துக்க வீட்டின் வெள்ளை உறைக்கானவை. 128 வைக்கலாம். 168 வைத்தால், ‘வழிநெடுக வளம்’ என்று கேட்கும், வாங்குபவர் புன்னகைப்பார். கூட ஒரு வெள்ளி (டாலர்) வைக்கக் கை துறுதுறுத்தால் அடக்கிக்கொள்ளுங்கள்.