'மேபி' என்று சொன்னவனும் கேட்டவர்களும்

'கைண்ட் ஆஃப்', 'சார்ட் ஆஃப்', 'ஐ திங்க்', 'மேபி' - பேச்சு ஆங்கிலத்தில் மூச்சுக்கு மூச்சு வந்து விழும் இந்தத் துணுக்குகளை இலக்கண வாத்தியார்கள் குப்பையென்று ஒதுக்கினார்கள். 1972இல் ஜார்ஜ் லேகாஃப் இவற்றை 'ஹெட்ஜ்', அதாவது வேலி, என்று பெயரிட்டு ஆராய்ந்தார். பென்குவின் 'சார்ட் ஆஃப்' பறவை என்றால் பொய்யில்லை, முழு உண்மையுமில்லை. நம்மூர் 'ஒரு மாதிரி' போல. பிரச்சினை வகைகளின் மங்கலான எல்லை பற்றியதாக இருந்தது. பேசுகிற ஆள் இன்னும் உள்ளே வரவில்லை.

ஆளைக் கொண்டுவந்தவர் ராபின் லேகாஃப். பெண்களுக்குப் பழக்கப்பட்ட தயக்கம் இது என்று 1975இல் எழுதினார். நீதிமன்றச் சாட்சிகளின் பேச்சைப் பதிவுசெய்து பார்த்த ஓபாரும் அட்கின்ஸும் 1980இல் இதை மறுத்தார்கள்: நிபுணர்களாக வந்த பெண்களிடம் இது குறைவு, தாழ்ந்த நிலையிலிருந்த ஆண்களிடம் அதிகம். எனவே இது பெண்மொழியல்ல, அதிகாரமற்றவர் மொழி.

சரி. ஆனால் இந்த வாசிப்பும் பலவீனத்தைப் பேசுகிறவர் வாயிலேயே தேடுகிறது. மேலதிகாரி 'ஐ திங்க்' என்று ஆரம்பித்தால் அது உத்தரவு என்பது கீழே இருப்பவனுக்குத் தெரியும். அப்படியானால் கேட்கிற காதுக்கு இதில் பங்கில்லையா?

1988இல் அமெரிக்கக் கடற்படை வீரர் டேவிஸைக் கொலை வழக்கொன்றில் விசாரித்தார்கள். இடையில் அவர் சொன்னது: 'மேபி ஐ ஷுட் டாக் டு எ லாயர்'. வக்கீல் கேட்கிறாயா என்றார்கள், இல்லை என்றார், விசாரணை தொடர்ந்தது. சுமார் ஒருமணி நேரம் கழித்து, மேலே எதுவும் சொல்லுமுன் 'ஐ திங்க் ஐ வான்ட் எ லாயர்' என்றார். நிறுத்தினார்கள். இரண்டிலும் வேலி இருக்கிறது. ஒன்று மட்டும் கோரிக்கையாயிற்று. 'ஷுட்' வேறு, 'வான்ட்' வேறு என்பார்கள். இருக்கட்டும். எந்த வேலியைத் தாண்டிக் கேட்பது என்பதை முடிவுசெய்தது டேவிஸ் அல்ல.

1994இல் உச்ச நீதிமன்றம் முதல் வாக்கியம் தெளிவற்றது என்றது. அதிகாரிகள் விளக்கம் கேட்டது நல்ல பழக்கம்தான், ஆனால் கட்டாயமில்லை என்றும் சொன்னது. ஆக, அடுத்து அந்த நாற்காலியில் உட்காருகிறவனுக்கு அந்தக் கேள்வியும் கிடைக்காமல் போகலாம். பயத்தினாலோ மொழித்திறன் இல்லாமலோ தெளிவாகக் கேட்க முடியாதவர்களை இத்தீர்ப்பு பாதிக்கும் என்பதைத் தீர்ப்பெழுதிய நீதிபதி ஓ'கானரே ஒப்புக்கொள்கிறார். தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள்.

'தெளிவாகப் பேசு' என்பது மொழி பற்றிய நடுநிலையான அறிவுரையல்ல. போலீஸ் முன்னால் பணிந்து பேசுவதுதான் பிழைக்கிற வழி என்று வாழ்க்கை ஒருவனுக்குக் கற்றுத்தந்திருக்கிறது. சட்டமோ, பணிவாகக் கேட்டால் கேட்டதாகக் கணக்கில்லை என்கிறது. அதட்டிக் கேட்க அந்த அறையில் எவனுக்குத் தைரியம் வரும்?