ஜெபக்கூட்டத்தை யார் எழுதினார்கள்?

தமிழ்க் கிறிஸ்தவப் பெண்களைப் பற்றிய ஆய்வுகளைத் தேடினால் முதலில் போய்ச் சேர்வது நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும்தான். அதிலும் எலைசா கென்ட் 2004இல் வெளியிட்ட ‘கன்வெர்ட்டிங் விமன்’ நூலைத் தாண்டி வேறு யாரும் வெகுதூரம் போய்விடவில்லை என்றே நினைக்கிறேன். மதம் மாறிய பெண் விடுதலை பெற்றாளா, இன்னும் அடங்கிப்போனாளா என்ற பழைய பட்டிமன்றத்தில் அவர் எந்த அணியிலும் சேரவில்லை. தோள்சீலைக்காகப் போராடி 1859இல் மேலாடை அணியும் உரிமையைப் பெற்ற அதே நாடார் சமூகத்தில், ‘மரியாதைப்பட்ட குடும்பம்’ என்ற பெயரால் பெண்கள் காட்டு வேலையிலிருந்து வீட்டுக்குள் இழுக்கப்பட்டதையும் காட்டுகிறார். சபைகள் நியமித்த ‘பைபிள் உமன்’கள் கதை இன்னும் சுவையானது. குடும்பப் பெண்ணின் லட்சணங்களைப் போதிக்க அவர்கள் ஊர் ஊராக நடந்தார்கள். அதற்குச் சம்பளமும் வாங்கினார்கள்.

நத்தானியல் ராபர்ட்ஸின் 2016ஆம் ஆண்டு நூல் சென்னைச் சேரியின் பெந்தெகொஸ்தே சபைகளைப் பற்றியது. அங்கே விசுவாசிகளில் பெரும்பாலோர் பெண்கள். கணவன்மார் வாசலுக்கு வெளியே. பொறுமையாக இரு, அவருக்காக ஜெபி என்ற போதனை பழைய பதிவிரதைப் பாடம்தான். ஆனால் வட்டிக் கடனையும் வீட்டுச் சண்டையையும் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் மூடி வைத்தவளுக்கு அதே சபையில்தான் வாய்விட்டுச் சொல்ல ஆள் கிடைக்கிறது.

தமிழர்கள் தோட்ட வேலைக்குப் போன மலாக்காவுக்கு வந்தால் நூலடுக்கு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. அருணிமா தத்தாவின் ‘ஃபிளீட்டிங் ஏஜென்சீஸ்’ (2021) தோட்டத்துப் பெண்களை வெறும் பலியாடுகளாகப் பார்க்க மறுக்கிறது. கூலி, மணவாழ்க்கை, நீதிமன்றம் என்று அவர்கள் எடுத்த முடிவுகளைத் தேடிப் போகிறது. 1920களின் இறுதியில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நாட்கூலி இருந்த உலகம் அது. ஜெபத்துக்கு அங்கே இடம் குறைவு. ஜான் ராக்ஸ்பரோவின் மலேசியக் கிறிஸ்தவ வரலாற்றில் (2014) சபைகளும் மிஷன்களும் நிறைய, அடுப்படி அபூர்வம். மிஷனரி சோஃபியா பிளாக்மோர் 1887இல் சிங்கப்பூரில் ஒன்பது தமிழ்ச் சிறுமிகளோடு பள்ளி தொடங்கியதை எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த ஒன்பது பேர் என்ன ஆனார்கள் என்பதல்லவா நமக்கு வேண்டிய கதை?

மலாக்காவின் பத்து பெரண்டாமுக்குத் தடையற்ற வாணிப வட்டாரம் வந்தபின், பால்மரம் வெட்டியவர்களின் மகள்கள் கம்பெனி பஸ் ஏறினார்கள். இரவு ஷிப்ட் முடிந்து வருபவளிடம் கீழ்ப்படிதல் பற்றிய பிரசங்கம் எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும்? இந்தக் கதையைத் தேடத் தொடங்குவதற்கு ஒரு நல்ல இடம் உண்டு. 1976 ஆகஸ்டில் தீபகற்ப மலேசியாவின் கத்தோலிக்கக் குருக்கள் எல்லாரும் ஒரு மாதம் கூடிப் பேசினார்கள். அந்த நாட்களில் வழிபாட்டைப் பொதுநிலையினர் பார்த்துக்கொண்டார்கள். தோட்டத்துச் சிற்றாலயங்களில் அந்த மாதம் செபமாலையைத் தொடங்கிவைத்தது யார், வாசகம் வாசித்தது யார், பூசைச் சாமான்களின் சாவி யார் கையில் இருந்தது? அப்போது முப்பது வயதிலிருந்த பெண்கள் இப்போது எண்பதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆவணக் காப்பகத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டுக்குப் போவது நல்லது.