செம்பனைக்கு மேலே ஓர் அளவுகோல்

கிள்ளானுக்குத் தெற்கே, லங்காட் ஆறு பிரித்துவைத்த கேரி தீவில் பெரும்பகுதி செம்பனைதான். ரப்பர் காலத்துத் துரை எட்வர்ட் வேலன்டைன் கேரியின் பெயர் நிலைத்துவிட்ட தாழ்நிலம் அது. கடலேற்றத்தை மண்கரை தடுக்கிறது. மழைநீரை வாய்க்கால்கள் வடிக்கின்றன. இப்படிப்பட்ட மண்ணில் ஒரு சாண் பள்ளமும் வேரை நீரில் நிறுத்திவிடும்.

அந்தப் பள்ளத்தைக் கேமராவால் பார்க்க முடியாது; அதற்குத் தெரிவது மட்டைக் கூரை மட்டும். ட்ரோனில் கட்டிய லைடார் கருவியின் அழகு இங்கேதான். நொடிக்கு லட்சக்கணக்கில் லேசர் துடிப்புகளை அது கீழே அனுப்புகிறது. சில மட்டையில் பட்டுத் திரும்பும். சில ஓலை இடுக்கில் நழுவித் தரையைத் தொட்டு வரும். நூறு மீட்டர் உயரத்திலிருந்து போய்வர மைக்ரோ நொடிகூட ஆகாது. அந்த நேரத்தை வைத்தே தூரம் கணக்காகிறது. மேலே பட்டதிலிருந்து தரையைக் கழித்தால் மரத்தின் உயரம். அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடுவதால், வாய்க்கால் பெரும்பாலும் புள்ளிகளே இல்லாத கறுப்புக் கோடாகத் தெரியும்.

செம்பனையின் அடித்தண்டை அழுகச் செய்யும் கானோடெர்மா பூஞ்சையைக் கண்டறிய, செர்டாங் புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தரையில் நிறுத்திய லேசர் கருவியால் மரமுடியை அளந்து பார்த்திருக்கிறார்கள். மெலிந்த முடியைக் கருவி காட்டும், காரணத்தைச் சொல்லாது. மரத்தடியில் குனிந்து காளானைத் தேடும் தொழிலாளியின் கண்ணும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துச் செலவிடும் தோட்டமே பிழைக்கும்.