தங்காத பிள்ளைகள்
நைஜீரிய இலக்கியத்தில் நோயும் நம்பிக்கையும் தாயின் துயரும்

என் பாட்டியாரின் பெயர் குப்பம்மாள். அவருக்கு முன் பிறந்த மூவர் தங்கவில்லை. அதனால் நான்காவதாகப் பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் ஒரு கணம் கிடத்தி எடுத்து அப்பெயரை இட்டார்கள் என்று வீட்டில் சொல்வார்கள். பிச்சை, குப்புசாமி, மூக்கன், தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்று நம் ஊர்களில் வழங்கும் பெயர்களுக்கும் பேச்சுக்கும் பின்னால் இத்தகைய கதை ஒன்று பெரும்பாலும் இருக்கும். இழிந்த பெயரை இட்டால் கூற்றுவன் இக்குழந்தை தனக்கு வேண்டா என்று விட்டுவிடுவான் என்பது நம்பிக்கை. குழந்தை இறந்தது என்று சொல்ல நா எழாமல் ‘தங்கவில்லை’ என்று சொல்லும் நம் வழக்கும் எண்ணிப் பார்க்கத் தக்கது. வந்த விருந்தினர் இராத் தங்காமல் புறப்பட்டது போன்ற சொல் அது.

இதே எண்ணம் கடல்கடந்த நைஜீரிய நாட்டில் ஒரு முழுத் தத்துவமாகவே வளர்ந்திருக்கிறது. அந்நாட்டின் தென்மேற்கில் வாழும் யொரூபா மக்கள் பிறந்து பிறந்து இறக்கும் குழந்தையை ‘அபிக்கு’ என்பர். தென்கிழக்கில் வாழும் இக்போ மக்கள் ‘ஒக்பாஞ்சே’ என்பர். ஒரே குழந்தைதான் தாயின் வயிற்றில் மீண்டும் மீண்டும் புகுந்து, சில காலம் இருந்து, பின் தன் ஆவியுலகத் தோழர்களிடம் திரும்பிவிடுகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அக்குழந்தைகளுக்கு யொரூபா மக்கள் இடும் பெயர்கள் வேண்டுதல்களாகவே அமைந்துள்ளன. ‘மாலோமோ’ என்றால் ‘இனிப் போகாதே’. ‘கோக்குமோ’ என்றால் ‘இனி இறவான்’. ‘துரோஜாயே’ என்றால் ‘இருந்து வாழ்வை நுகர்வாய்’. ‘கோசோக்கோ’ என்றால் ‘குழி தோண்ட மண்வெட்டி இல்லை’. நைஜீரிய எழுத்தாளர் பலர் இக்குழந்தையை மையமாக்கி எழுதியிருக்கின்றனர். அவர்களுள் சிலர் இத்துயரை எவ்வாறு கண்டனர், எவ்விடத்தில் முழுமையாகக் கண்டனர், எவ்விடத்தில் தவறவிட்டனர் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எக்வேஃபியின் பெயர்ப்பட்டியல்

சினுவா அச்செபே 1958இல் வெளியிட்ட முதல் நாவல், ‘சிதைவுகள்’ என்னும் பெயரில் தமிழிலும் வந்துள்ளது. வெள்ளையர் வருகையால் ஓர் இக்போ ஊர் குலைவதைச் சொல்லும் நூல் என்றே பலரும் அதனை அறிவர். ஆயினும் அதன் உள்ளே எக்வேஃபி என்னும் தாயின் கதை தனியே நின்று ஒளிர்கிறது. அவள் பெற்றவை பத்து. அவற்றுள் ஒன்பது குழந்தைப் பருவத்திலேயே மாய்ந்தன. அவள் துயரை அச்செபே பக்கம் பக்கமாக வருணிக்கவில்லை. அவள் இட்ட பெயர்களை மட்டும் வரிசையாகச் சொல்கிறார். ஒரு குழந்தைக்குச் சாவை நோக்கிய மன்றாட்டே பெயர். அடுத்ததற்கு ‘இது மீண்டும் நிகழாதிருக்க’ என்பது பெயர். பின்னொன்றுக்குச் ‘சாவு தன் விருப்பப்படி செய்துகொள்ளட்டும்’ என்பது பெயர். மன்றாட்டு, அச்சம், வெறுப்பு என ஒரு தாயின் உள்ளம் படிப்படியாகக் கல்லாகும் வரலாறு மூன்று பெயர்களுள் அடங்கிவிடுகிறது.

அச்செபே தம் மக்களின் வழக்கத்தை மறைக்கவுமில்லை, அழகுபடுத்தவுமில்லை. இறந்த குழந்தை மீண்டு வாராதிருக்க மந்திரவாதி அதன் உடலைக் கத்தியால் சிதைத்துத் தீயகாட்டுக்கு இழுத்துச் செல்லும் காட்சியைத் தயங்காது எழுதுகிறார். பத்தாவது குழந்தையான எசின்மாவை இவ்வுலகோடு கட்டிவைக்க, அவள் புதைத்துவைத்ததாக நம்பப்படும் கூழாங்கல்லை ஊரார் சூழ்ந்து நிற்கத் தோண்டியெடுக்கும் காட்சியையும் எழுதுகிறார். கல் கிடைத்துவிட்டது, இனிப் பிள்ளை தங்கும் என்று தாய் நம்புகிறாள். ஆயினும் பின்னொரு நாள் காய்ச்சல் வருகிறது. வீரத்தைத் தவிர வேறெதையும் வெளிக்காட்டாத தந்தை ஒக்கோன்க்வோ காட்டுக்குச் சென்று இலையும் பட்டையும் கொணர்ந்து, கொதிக்கும் பானையின் முன் மகளை உட்காரவைத்துப் பாயால் போர்த்துகிறான். நம் வீடுகளில் வேது பிடிப்பதை அறிந்தவர்க்கு இக்காட்சி அயலானதன்று. நம்பிக்கையும் மருந்தும் ஒரே கூரையின்கீழ்ப் பிணங்காமல் வாழ்ந்ததை இவ்வளவு இயல்பாகக் காட்டிய எழுத்து அரிது.

தாயும் மகளும் தோழியரைப் போல வாழ்வதையும் நூல் காட்டுகிறது. குழந்தைகளுக்கு முட்டை கொடுத்தல் ஆகாது என்று ஒக்கோன்க்வோ தடுத்தும், படுக்கையறைக்குள் ஒளிந்திருந்து இருவரும் முட்டை உண்கின்றனர். என்று போய்விடுமோ என்று அஞ்சும் பிள்ளையிடம் எத்தாயால் கண்டிப்புக் காட்ட முடியும்?

குழந்தையின் குரலும் தாயின் குரலும்

அபிக்குவைப் பற்றி வோலே சோயிங்காவும் ஜே. பி. கிளார்க்கும் ஒரே தலைப்பில் தனித்தனியே கவிதை எழுதினர். சோயிங்காவின் கவிதையில் பேசுவது குழந்தை. காப்பும் கயிறும் தன்னைக் கட்டுமோ என்று அது எள்ளி நகையாடுகிறது. கிளார்க்கின் கவிதையில் பேசுவது வீட்டார். எளிய வீடாயினும் இருந்துவிடு, பெற்றவள் களைத்துவிட்டாள் என்று அவர்கள் இறைஞ்சுகின்றனர். முன்னது அறிவை வியக்கவைக்கிறது. பின்னது நெஞ்சைத் தொடுகிறது. சொல்லாட்சியில் சோயிங்காவே உயர்ந்தவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவர் எவரும் கிளார்க்கின் பக்கமே சாய்வர் என்று தோன்றுகிறது.

சோயிங்கா 1981இல் எழுதிய ‘அக்கே’ என்னும் இளமைக்கால நினைவுநூலில் இக்குறை நிறைவாகிவிடுகிறது. அங்கே புக்கோலா என்னும் அபிக்குச் சிறுமி அவருடைய தோழியாக வருகிறாள். தன் மயக்கங்களைக் கண்டு பெற்றோர் நடுங்குவதை அவள் அறிவாள். அந்த நடுக்கமே அவளுக்கு ஆட்சி. அதே நூலில் சோயிங்காவின் சிறு தங்கை தன் முதல் பிறந்தநாளன்று மறைகிறாள். புக்கோலாவைப் பற்றிப் புன்முறுவலோடு எழுதிய பேனா, தங்கையிடம் வரும்போது விளக்கம் எதுவும் தேடாமல் திகைத்து நிற்கிறது. உண்மைத் துயரின் முன் தத்துவம் வாயடைத்துப் போவதை அவ்விடம் காட்டுகிறது.

பென் ஓக்ரி 1991இல் புக்கர் பரிசு பெற்ற ‘பசித்த பாதை’ நாவலில் ஆவிக்குழந்தையையே கதைசொல்லி ஆக்கினார். பிறந்து பிறந்து அழியும் நாட்டுக்கே அக்குழந்தை உருவகமாகிறது. கற்பனை வளத்துக்கு அந்நூல் ஒரு கடல். எனினும் உருவகம் பெருகப் பெருக, இறந்த குழந்தையின் சின்னஞ்சிறு உடல் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது என்பது என் கருத்து. நாடு என்பது பெரிது; அதற்காக ஒரு தாயின் மடி சிறிதாகிவிடுவதில்லை.

பெண் எழுதிய கணக்கு

இக்கதையைப் பெண்ணின் பக்கம் நின்று எழுதியவர் புச்சி எமெச்செட்டா. பதினாறு வயதில் மணமாகி, 1962இல் இலண்டன் சென்று, ஐந்து குழந்தைகளைத் தனியே வளர்த்துக்கொண்டே எழுத்தாளரானவர். அவருடைய முதல் கையெழுத்துப் படியைக் கணவரே தீக்கிரையாக்கினார். அவர் 1979இல் எழுதிய நாவலின் பெயர் ‘தாய்மையின் இன்பங்கள்’. மக்கட்பேற்றைப் போற்றும் குறள் அதிகாரத்தைப் படித்து வளர்ந்த நமக்கு அத்தலைப்பு இனிமையாக ஒலிக்கும். நூலைத் திறந்தால் நெஞ்சு சுடும்.

சொந்த ஊரை விட்டு லாகோஸ் நகருக்கு வந்து ஓரறையில் குடித்தனம் நடத்துகிறாள் நூ ஈகோ. கணவன் வெள்ளைக்காரர் வீட்டில் துணி வெளுப்பவன். நான்கு வாரக் குழந்தை இறந்துபோக, அவள் பாலத்திலிருந்து குதிக்க ஓடுகிறாள். ஊரில் என்றால் அழுவதற்குச் சுற்றமிருந்திருக்கும். நகரிலோ வழிப்போக்கர்தாம் கூடுகின்றனர். அவளைத் தன் ஊராள் என்று அடையாளங்கண்டு காப்பாற்றுபவனும் பிழைக்க வந்த அவ்வூர்க்காரன் ஒருவனே. வேற்றூரில் வாடகை வீட்டில் பிள்ளை பெற்று வளர்த்த நம் குடும்பங்களுக்கு இப்பக்கங்களுக்கு உரை வேண்டியதில்லை.

பின்னர் அவளுக்குப் பிள்ளைகள் தங்குகின்றனர். மூத்த ஆண்மக்கள் படித்து வட அமெரிக்கா சென்றுவிட, அவளோ வழியோரத்தில் தன்னந்தனியாக இறக்கிறாள். பிள்ளை தங்காமை ஒரு துயர். தங்கிய பிள்ளைக்காகத் தாய் தன்னையே இழந்துவிடுதல் மற்றொரு துயர். இரண்டாவதை ஆண் எழுத்தாளர் காணத் தவறினர். எமெச்செட்டா கண்டார்.

நோய்க்கு ஒரு பெயர்

அயோபாமி அடெபாயோ 2017இல் எழுதிய ‘என்னோடு இரு’ என்னும் நாவல் இவ்வரிசையில் ஒரு திருப்பம். 1980களில் இலேசா என்னும் யொரூபா நகரில் சிகை அலங்கார நிலையம் நடத்தும் யெஜிதேயின் கதை அது. பிள்ளையில்லை என்று மாமியார் இரண்டாம் மனைவியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். பின்னர்ப் பிறந்த குழந்தைகளும் தங்கவில்லை. மூன்றாவது குழந்தையான மகளின் பெயர் ரோத்திமி. ‘என்னோடு இரு’ என்பதே அதன் பொருள். நூலின் தலைப்பும் அதுவே. எக்வேஃபியின் மன்றாட்டு தலைமுறைகள் கடந்தும் ஓயவில்லை. ஆனால் இம்முறை மருத்துவர் நோய்க்கு ஒரு பெயர் சொல்கிறார். அரிவாள் செல் சோகை என்பது அது.

இந்நோயில் வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள், உயிர்வளி குறையும்போது அரிவாள்போல் வளைகின்றன. வளைந்தவை நுண்ணிய குழாய்களை அடைக்கத் தாங்கொணா வலி உண்டாகிறது. அணுக்கள் விரைந்து அழியச் சோகை பிடிக்கிறது. தொற்றுநோய்கள் எளிதில் தாக்குகின்றன. தாய், தந்தை இருவரும் இக்குறையைத் தம் உடலில் நோயின்றிச் சுமப்பவராயின், ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வருவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. நைஜீரியாவில் நான்கைந்து பேரில் ஒருவர் இதனைச் சுமப்பவர். சுமப்பவருக்குக் கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு காப்புக் கிடைப்பதால்தான் இக்குறை அம்மண்ணில் நிலைத்தது. ஒரு கொடிய நோய்க்குக் கேடயமானதே மற்றொரு நோய்க்கு வித்தானது. மாண்ட குழந்தையே மீண்டும் வருகிறது என்று முன்னோர் எண்ணியது, ஒரே குடும்பத்தில் ஒரே வகை இறப்பு தொடர்ந்ததைக் கண்டதனால் இருக்கலாம் என்று 1983இல் மருத்துவ இதழிலேயே ஒரு கட்டுரை வந்தது.

அங்ஙனமாயின் அச்செபேயும் கிளார்க்கும் எழுதியவை அறியாமையின் பாடல்கள்தாமா? இவ்வினாவைச் சிலர் எழுப்பக்கூடும். என் விடை அன்று என்பதே. முதலாவதாக, அக்காலத்தில் மலேரியாவும் தட்டம்மையும் பேதியும் குழந்தைகளைக் கொன்றன. எல்லா அபிக்குவையும் ஒரு நோய்க்குள் அடக்குதல் பொருந்தாது. இரண்டாவதாக, நம்பிக்கை நோயைத் தீர்க்கவில்லையாயினும் துயருக்கு ஒரு வடிவம் தந்தது. காரணம் தெரியாத இழப்பைத் தாங்க மனிதனுக்கு ஒரு கதை வேண்டியிருக்கிறது. அதே கதை இறந்த உடலைச் சிதைக்கவும் செய்தது, தாயைப் பழிக்கவும் செய்தது என்பதையும் மறத்தலாகாது. இவ்விரண்டையும் ஒருங்கே காட்டியதே அச்செபேயின் பெருமை.

அடெபாயோவின் பெருமை வேறு. நோயின் பெயர் தெரிந்தபின்னும் பழி தாயை விட்டு நீங்குவதில்லை என்பதை அவர் காட்டினார். மூடநம்பிக்கை அகன்றால் துன்பம் அகலும் என்று எழுதுவது எளிது. மருத்துவமனைத் தாழ்வாரத்திலும் அதே மாமியார், அதே மௌனம், அதே குற்றவுணர்ச்சி தொடர்வதை எழுதுவதற்குத் துணிவு வேண்டும்.

நமக்கும் உரியது

இது அயல்நாட்டுக் கதையன்று. இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் 1952இல் கண்டறியப்பட்டது நம் நீலகிரி மலைவாழ் மக்களிடையேதான். மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, குஜராத் முதலிய மாநிலங்களின் பழங்குடியினரிடையே அது பரவியுள்ளது. 2023இல் மைய அரசு இதனை ஒழிக்கத் தனித் திட்டம் ஒன்றையும் தொடங்கியது. நைஜீரியாவில் இன்று திருமணம் பேசுமுன் இரத்தப் பொருத்தம் பார்க்கின்றனர். பல தேவாலயங்கள் சோதனைச் சீட்டைக் கேட்டுப் பெற்ற பின்னரே மணமுடித்து வைக்கின்றன. பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம் பதினோராவதாக இதனைச் சேர்த்துக்கொள்வதில் இழுக்கொன்றுமில்லை.

நைஜீரிய எழுத்தாளர்கள் சாவை எதிர்த்து ஒரு தாய் இட்ட பெயரை இலக்கியமாக்கினர். நம் குப்பம்மாக்களும் பிச்சைகளும் பழைய பெயர்கள் என்று கைவிடப்பட்டு வருகின்றனர். அப்பெயர்களுக்குப் பின்னால் தங்காமல் போனவர்களின் கணக்கு இருக்கிறது. அதனை எழுதிய தமிழ் நாவல் எது என்று என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். என் பாட்டியார் தொண்ணூறு வயதுக்குச் சற்றே குறைய வாழ்ந்தார். அவருக்கு முன் வந்து சென்ற மூவரின் பெயர்கள் எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது.