ஆமை உவமையும் மானத தீக்கையும்

பறவை தொட்டும், மீன் நோக்கியும், ஆமை நினைந்தும் தத்தம் முட்டைகளைப் பொரிக்கும் எனக் கூறி, முறையே பரிச நயன மானத தீக்கைகளை விளக்குதல் நம் உரையாளர் மரபு. அண்மையில் ஆம்பூரில் யாம் சிவஞானசித்தியார் எட்டாஞ் சூத்திரத்துக்குப் பொருளுரைத்த ஞான்று, தோல் பதனிடுந் தொழிலினரான அன்பரொருவர், "ஐயா, முட்டையிட்ட ஆமை கடலுட் சென்றபின் மீள்வதில்லையே, அதன் நினைவு எங்ஙனம் பொரிக்கும்? உவமை பொய்யாயின் தீக்கையும் பொய்யோ?" என வினவினார்.

வினா நேரியதே. தை முதற் பங்குனிகாறும் சென்னை முதலிய கீழைக் கடற்கரைகளில் ஏறும் பங்குனியாமை, ஓரிரவில் நூறளவான முட்டைகளை மணலிற் புதைத்து அகலும். 45 முதல் 60 நாளளவில் மணலின் வெம்மையே அவற்றைப் பொரிக்கும். வெம்மை மிகின் பெண்ணும், குறையின் ஆணும் மிகுதியாகப் பிறக்கும். பெண்ணாமை ஆண் பலவொடு கூடி வித்தினைத் தன்னுடலிற் சேமித்து வைத்தலும், ஒரு குழி முட்டைகட்கே தந்தையர் பலராதலும் இக்கால ஆய்வாளர் கண்டவை.

ஆகலின், 'நினைவாற் பொரிக்கும்' என்பதனை இயற்கையுண்மையெனச் சாதிக்கும் உரைகள் பிழையுடையன. உவமை ஒருபுடை ஒப்புமையே. சேய்மைக்கண் உள்ளதன் கருத்து, அண்மையில் இல்லாத உயிர்மேற் பயன் விளைத்தலே ஈண்டுக் கொள்ளற்பாலது. இடமும் ஆழமும் அமையக் குழி தோண்டியது தாயே என்னும் அளவில் அவ்வொப்புமை இன்றும் நிற்கும். ஆயின், தாயாமை பின்னர்த் தன் சேயை அறியாது; ஆசிரியனை இடமாகக் கொண்டருளும் இறைவனோ ஆன்மாவை ஒருகாலும் மறவான். இவ்வொவ்வாமையை மறையாது எடுத்துரைத்தலே ஆசிரியர் கடன். பொய்யை முட்டுக்கொடுத்து மெய்யை நிறுத்தல் சித்தாந்தத்துக்கு வேண்டுவதன்று.

திருச்சிற்றம்பலம்.