எல்லா ஒப்பந்தமும் தற்காப்புக்குத்தான்

2021 செப்டம்பரில் ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் சேர்ந்த ஆக்கஸ் கூட்டணி அறிவிக்கப்பட்டதிலிருந்து ஒரு வாதம் அடிக்கடி காதில் விழுகிறது. பலசாலியோடு சேர்ந்து நின்றால் எவனும் கை வைக்கமாட்டான். கூட்டணி தற்காப்புக்குத்தானே, யாரையும் போய் அடிப்பதற்கா என்பது அதன் சாரம். ஆயுதப் போட்டி மூளும் என்று மலேசியா அப்போதே கவலை தெரிவித்தது. அதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று சொன்னவர்களும் உண்டு. ஜொகூரில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்ல நிறைய மறதி வேண்டும்.

கூட்டணிகளால் ஒரு பயனும் இல்லை என்பது என் கட்சியல்ல. 1902-இல் பிரிட்டனும் ஜப்பானும் செய்துகொண்ட உடன்படிக்கை இல்லாதிருந்தால், 1904-இல் மூண்ட ரஷ்ய - ஜப்பானியப் போரில் ரஷ்யாவின் கூட்டாளி பிரான்ஸும் இறங்கியிருக்கக்கூடும். 1964 ஆகஸ்டில் பொந்தியான் கரையிலும் செப்டம்பரில் லாபிஸ் காட்டிலும் இந்தோனேசியப் படையினர் இறங்கியபோது, அவர்களைத் தேடிப் பிடிக்க நியூசிலாந்துப் படையினரும் கூர்க்காக்களும் உதவினார்கள். கூட்டணி என்ற இயந்திரம் தானே சுழன்று 1914-இல் உலகப் போரை உண்டாக்கியது என்ற பள்ளிக்கூடப் பாடமும் பாதி உண்மைதான். ஜெர்மனியின் கூட்டாளியான இத்தாலி அந்த ஆண்டு ஒதுங்கி நின்றது; மறு ஆண்டு எதிரணியில் சேர்ந்தது. ஒப்பந்தம் யாரையும் கழுத்தைப் பிடித்துப் போருக்குள் தள்ளுவதில்லை.

என் மறுப்பெல்லாம் அந்தத் 'தற்காப்புக்குத்தானே' என்ற சமாதானத்தின் மேல்தான். ஒப்பந்தம் எழுதுகிறவன் தன் மனத்தைப் பார்த்து எழுதுகிறான். எதிரில் நிற்பவனுக்கு அந்த மனம் தெரியாது. தன்னைச் சுற்றி எத்தனை படை சேர்கிறது என்பதுதான் தெரியும். அவனும் பயந்து ஓர் அணி சேர்ப்பான். அவனுடைய ஒப்பந்தத்திலும் தற்காப்பு என்றுதான் எழுதியிருக்கும்.

1940 செப்டம்பர் 27 அன்று பெர்லினில் ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் மூன்றும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியப் போரிலும் சீனப் போரிலும் அதுவரை சேராத ஒரு நாடு தங்களில் ஒருவரைத் தாக்கினால் மற்ற இருவரும் துணை நிற்பதாக அது சொல்கிறது. தாக்கினால் மட்டும்தான். இதைவிடத் தற்காப்பான வாசகம் இருக்க முடியாது. பெயர் சொல்லாமல் குறிவைத்தது அமெரிக்காவை. அதை மிரட்டி ஒதுக்கி வைத்துவிடலாம் என்பது தோக்கியோவின் கணக்கு. கணக்கு தலைகீழானது. ஆசியாவின் சண்டையும் ஐரோப்பாவின் சண்டையும் ஒன்றுதான் என்ற எண்ணம் வாஷிங்டனில் இறுகியது. 1941 ஜூலையில் ஜப்பானியப் படை தெற்கு இந்தோசீனாவில் நுழைந்ததும் அமெரிக்கா ஜப்பானின் சொத்துகளை முடக்கி எண்ணெயை நிறுத்தியது. பிரிட்டனும் டச்சு அரசும் பின்தொடர்ந்தன. அவர்களைக் கேட்டால் அதுவும் தற்காப்பு நடவடிக்கைதான். தோக்கியோ அதை 'ஏபிசிடி சுற்றிவளைப்பு' என்று தன் மக்களிடம் சொன்னது: அமெரிக்கா, பிரிட்டன், சீனா, டச்சு. எண்ணெய்க் கையிருப்பு தீர்வதற்குள் அடித்தாக வேண்டும் என்று ஜப்பானியத் தளபதிகள் நாள் குறித்தார்கள்.

ஜப்பான் 1937 முதல் சீனாவைச் சூறையாடிக்கொண்டிருந்த நாடு, மலாயாவின் ரப்பர்மீதும் ஈயத்தின்மீதும் அதற்குக் கண் இருந்தது என்பதெல்லாம் சரி. ஆனால் அந்தப் பேராசைக்கு 'இப்போது விட்டால் முடியாது' என்ற அவசரத்தைக் கொடுத்தது இரண்டு அணிகள் மாறிமாறிப் போட்ட முடிச்சுதான்.

முடிச்சு வந்து இறுகிய இடம் நம் ஊர். 1915 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தபோது, அதை அடக்கச் சுல்தான் இப்ராஹிமின் ஜொகூர்ப் படை போனது. பிரிட்டனின் கூட்டாளி என்ற முறையில் ஜப்பானியக் கடற்படையினரும் கரையிறங்கினார்கள். 1921-இல் அந்த நட்பைக் கைவிட இசைந்த அதே ஆண்டில், சிங்கப்பூரில் கடற்படைத் தளம் கட்டவும் பிரிட்டன் முடிவு செய்தது. நேற்றைய கூட்டாளிக்கு எதிரான அந்தத் தளம், நீரிணைக்கு அக்கரையில் செம்பவாங்கில் 1938-இல் திறக்கப்பட்டது. 1935-இல் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளி விழாவுக்குச் சுல்தான் கொடுத்த 5 லட்சம் பவுனில் பெரும்பகுதி, சாங்கியில் 15 அங்குலப் பீரங்கிகள் அமைக்கப் போனது. ஜொகூர் பேட்டரி என்றே அதற்குப் பெயர். அங்கே பெரும்பாலும் இருந்தவை கப்பலைத் துளைக்கும் குண்டுகள். எதிரியோ ஜொகூர்ச் சாலைகளில் சைக்கிள் மிதித்து வந்தான்.

1942 ஜனவரி 22 அன்று, மூவார்ப் போரில் காயம்பட்டுப் பாரிட் சூலோங்கில் விட்டுச்செல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட ஆஸ்திரேலிய, இந்திய வீரர்களை ஜப்பானியர் கொன்றார்கள். 31-ஆம் தேதி பிரிட்டிஷ் தரப்புப் படை அக்கரைக்குப் போய், காஸ்வேயையும் தகர்த்தது. பணம் கொடுத்த ஜொகூர் இக்கரையில் நின்றது. பிப்ரவரி 15 அன்று, கலகம் தொடங்கி சரியாக 27 ஆண்டுகள் கழித்து, அன்று காப்பாற்ற வந்த ஜப்பானிடமே சிங்கப்பூர் சரணடைந்தது.

அதன்பின் வந்ததைத் தோட்டத்து மக்கள் 'ஜப்பான்காரன் காலம்' என்கிறார்கள். 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதைக்கு ஆள் தேவைப்பட்டது. நல்ல கூலி, சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டிக் கொஞ்சம் பேரை அழைத்தார்கள். மிச்சம் பேரை லயத்திலிருந்தும் சாலையிலிருந்தும் வளைத்துப் பிடித்து ஏற்றினார்கள். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களை ஆயிரக்கணக்கில் தின்றன. பெர்லின் ஒப்பந்தத்திலும் சரி, லண்டனின் வாக்குறுதியிலும் சரி, அவர்களுக்குப் பங்கில்லை. கூட்டணியை ஆதரிப்போர் போடும் லாப நஷ்டக் கணக்கில் இந்தச் சாவுகளுக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

1964-ஐ எனக்கு எதிராக எடுத்துக்காட்டுவோர், இந்தோனேசிய அதிபர் சுகர்னோ மலேசியாவை எதிர்க்கச் சொன்ன காரணங்களில் பிரிட்டிஷ் தளங்களும் ஒன்று என்பதைச் சொல்வதில்லை. காவலுக்கு நின்றவன்தான் சண்டைக்குச் சாக்காகவும் இருந்தான்.

மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சேர்ந்து 1971 நவம்பர் 1 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்த ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாட்டைப் பல் இல்லாதது என்று கேலி செய்கிறார்கள். தாக்குதல் வந்தால் ஐவரும் கலந்து பேசுவோம் என்பதற்குமேல் அதில் கட்டாயமில்லை. எந்த நாட்டையும் எதிரி என்று அது சுட்டவுமில்லை. அதனால்தான் ஐம்பது ஆண்டுகளுக்குமேல் அதற்கு எதிராக இன்னோர் அணி முளைக்கவில்லை. அதே மாதம் 27-ஆம் தேதி கோலாலம்பூர்ப் பிரகடனம் இந்த வட்டாரத்தை அமைதி, சுதந்திர, நடுநிலை மண்டலமாக்க விரும்பியது. இரண்டையும் முரண்படாமல் வைத்துக்கொள்ள முடிந்ததும் அந்தப் பல்லின்மையால்தான். அதற்குப் பல் கட்டி ஏதாவது ஒரு வல்லரசின் பக்கம் நிறுத்தச் சொல்லும் யோசனை எந்த மூலையிலிருந்து வந்தாலும் தற்காப்பு அமைச்சு மறுக்க வேண்டும். அப்படி ஓர் ஒப்பந்தம் என்றாவது நாடாளுமன்றத்துக்கு வந்தால், எதிர்த்தரப்பு இதை எப்படிப் படிக்கும் என்ற ஒரு கேள்வியை உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கேளுங்கள். பதில் வரும்வரை ஒப்புதல் தராதீர்கள்.